சிவப்பு வந்தால் வேண்டாம்

தவசி எதையும் பூக்கட்டிப் பார்த்துத்தான் செய்வார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கருப்பசாமி முன்னால் போட்டால் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பல்லைப் பிடுங்கத் தேனிக்குப் போவதா என்று கேட்டு, சிவப்பு வந்து, வீங்கிய கன்னத்தோடு ஒரு வாரம் கஞ்சி குடித்தவர். காய்ச்சி ஊற்றியவள் அவர் மனைவி ஜக்கம்மா.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். திராட்சை விஷயத்தில் முடியவில்லை.

பந்தல் முழுக்கப் பழம் கறுத்துத் தொங்கியது. சுருளி மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. பழுத்த திராட்சையில் ஒரு மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் தொடமாட்டார். உத்தமபாளையத்து வியாபாரி நசீம் விடிந்ததுமே ஆட்களோடும் பெட்டிகளோடும் வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

நாலு நாள் பொறுத்தால் விலை ஏறும் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். வெட்டவா என்று தவசி கருப்பசாமியிடம் கேட்டார். சிவப்பு. வெளியே வந்து மேகத்தைப் பார்த்ததும் பயம் வந்தது. அம்மனிடம் கேட்டார். வெள்ளை. இனிக் கூடலூரில் இருக்கும் குலசாமிதான் தீர்த்துவைக்க வேண்டும் என்று பஸ்ஸுக்கு நடந்தவரை ஜக்கம்மா மறித்தாள்.

"பழம் பழுத்துருக்கு. கண்ணுக்குத் தெரியுது. மேகம் கறுத்துருக்கு. அதுவும் தெரியுது. சாமிகிட்ட இன்னும் என்னத்தக் கேக்கப் போறீக?"

"வெட்டவான்னுதான்."

பஸ் வந்தது. ஏறிவிட்டார். செல்போனில் கூப்பிட்டாள். வீட்டு ஆணியில் தொங்கிய அவர் தோட்டத்துச் சட்டைக்குள் அது அடித்தது.

மத்தியானம்வரை பார்ப்பேன், பிறகு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்றான் நசீம். சரி, வெட்டு என்றாள். அவன் தயங்கினான். முதல் குலையைத் தோட்டக்காரர்தான் வெட்டிப் போட வேண்டும், அது வழக்கம்.

ஜக்கம்மா பந்தலுக்குள் போய் ஒரு குலையை வெட்டி வந்து அவன் பெட்டியில் போட்டாள்.

"நானும் தோட்டக்காரிதான். ஆளுகள எறக்கு."

தவசி சாயங்காலம் வந்தார். கூடலூரிலும் சிவப்பு. பந்தல் காலியாக இருந்தது.

மழை வரவில்லை. மேகம் மலையைத் தாண்டிக் குமுளிப் பக்கம் போய்விட்டது. நாலு நாள் பொறுத்த பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி நல்ல விலைக்கு விற்றான். தவசி அதை டீக்கடையில் சொன்னார், வீட்டில் சொன்னார், சாப்பிடும்போதும் சொன்னார்.

"சாமி சொல்லுச்சு. நீ கேட்டியா?"

"மழை பேஞ்சிருந்தா?"

"பேயலையே."

"கண்ண மூடிக்கிட்டு ஒருத்தன் ரோட்டத் தாண்டுனான். வண்டி வரல. அதுக்காக நீங்களும் கண்ண மூடிக்கிட்டுப் போவீகளா? அதே மேகம் இன்னிக்கி வந்தாலும் வெட்டத்தான் செய்வேன்."

தவசி மோரை ஊற்றிக்கொண்டார்.

கார்த்திகையில் கொடியின் குச்சிகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டியிருந்தது. ஒரு காலையில் கத்திரியோடு அடுப்படிக்கு வந்து நின்றார். பூசாரி மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருந்தார்.

"கவாத்த இன்னிக்கி ஆரம்பிக்கவா? நீயே சொல்லிரு. நீ சொன்னா சரி."

ஜக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன பூப்பொட்டலமா? குச்சி முத்திருச்சான்னு கொடியில போயிப் பாருங்க."

போனார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"எந்தக் கொடியில?"