கீழ்வரிசைப் பல்

மலையில் பெய்த மழைக்கு ராத்திரியெல்லாம் ஆறு கரைபுரண்டு ஓடிவிட்டு, விடிவதற்குள் மறுபடி வெறும் மணலாகக் கிடந்தது. துர்க்கானா சீமையில் ஆறுகளுக்கு அவ்வளவுதான் பொறுமை. ஆனால் ஈரம் இருக்கும், ஈரம் இருந்தால் துளிர் இருக்கும். நக்வாவி ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். ஈர மணலில் நரியின் தடம், அதன் மேல் கௌதாரியின் தடம். பார்த்துக்கொண்டே போனவள் இடிந்த கரையில் ஒரு மண்டையோட்டைக் கண்டாள். பழுப்பேறிய உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. முகம் மண்ணுக்குள் இருந்தது.

அவள் புருஷன் எவோய், தொலைந்த ஒட்டகத்தைத் தேடி இந்த ஆற்றோரமாகத்தான் போனான். போன மழைக்குப் போனவனைப் பற்றி இந்த மழை வரை சேதி இல்லை. போகிற அன்று சண்டை. "போ, உன்னை மண்ணு தின்னட்டும்!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தியது இவள்தான். மண் அதைக் காதில் வாங்கிவிட்டதோ?

"அக்கா! ஓடி வாயேன்!"

மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்த அரூட் நிமிர்ந்தாள். எவோயின் மூத்த மனைவி. சக்களத்திகளுக்கு நாக்கில் கத்தி இருக்கும், இவளுக்கு அரிவாளே இருந்தது.

"பாம்பா? பாவம், உன்னைப் பாத்து அது பயந்திருக்கும்" என்றபடி வந்தவள், மண்டையோட்டைக் கண்டதும் அதன் மேல் குனிந்தாள்.

"அவருதானா அக்கா?"

"உச்சந்தலையைப் பாத்து எனக்கு என்னடி தெரியும்?"

"நான்தான் சபிச்சேன். என் வாய் அழுகிப் போக!"

"உன் சாபத்துக்கு அவ்வளவு பவுசு இருந்தா நான் எப்பவோ செத்திருப்பேன். தள்ளு."

அரூட் இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தாள். நத்தை ஓடுகள் வந்தன. மீன்முள் வந்தது. முள்முள்ளாகச் செதுக்கிய எலும்பு ஈட்டிமுனை ஒன்று வந்தது. கடைசியில் கீழ்த்தாடை. அதைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தவள், அப்படியே மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"பாருடி! கீழே நடுப்பல்லு ரெண்டும் இருக்கு!"

சின்ன வயதிலேயே அந்த இரண்டு பல்லையும் பிடுங்கிக்கொள்ளாத ஆள் அவர்கள் ஜனத்தில் ஏது? எவோய் அந்தச் சந்து வழியாகத்தான் எச்சிலைப் பீச்சி ஆட்டை விரட்டுவான்.

"நம்ம ஆளு இல்ல. நம்ம ஜனமே இல்ல."

நக்வாவி அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு அவளும் சிரித்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிவிட்டது. தாடையை வாங்கிப் பார்த்தாள். கல்லாய்க் கனத்தது.

"எத்தனை காலத்து ஆளோ! இங்க ஏரி இருந்திருக்கு அக்கா. மீன்முள்ளைப் பாரு."

"ஏரி கிழக்கே ஒரு நாள் நடை. ஆடு கேட்டா சிரிக்கும், போ."

ஆனால் நக்வாவியின் கண்ணுக்கு அந்த ஏரி தெரிந்தது. இந்தப் பொட்டல் முழுக்கத் தண்ணீர். கறையான் புற்றுகளுக்கு மேலே மீன்கள் போகின்றன. நாணலுக்குள் ஈட்டியோடு இவன் நிற்கிறான். கரையில் இவன் பெண்டாட்டி. அவளும் ஏதாவது சொல்லித் திட்டி அனுப்பியிருப்பாளோ? எத்தனை நாள் வழி பார்த்துக்கொண்டு நின்றாளோ?

எலும்புகளை மண் போட்டு மூடினாள். செத்தவர்களுக்குப் புகையிலை வைக்காமல் போகக்கூடாது. எவோய்க்கென்று முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, மண்மேட்டில் தூவினாள்.

"வீட்டுக்காரி திட்டினத மனசுல வச்சுக்காதய்யா" என்றாள் மெதுவாக. "அவ சும்மா சொல்லியிருப்பா."

"முழுசையும் கொட்டிடாதடி! நம்ம ஆளு வந்து கேட்டா என்ன குடுப்பே?"

நக்வாவி கையை நிறுத்தினாள். மிச்சத்தை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"வரட்டும் அக்கா. வந்ததும் முதல்ல வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கணும்."

"அந்த வாயைத் திறக்க வேற சொல்லணுமாக்கும்!" என்றாள் அரூட், கண்ணைத் துடைத்துக்கொண்டு.