நாலு குழி அச்சு

கேட்டலாக்கைக் கணவர் வெர்லினின் முகத்துக்கு நேரே பிடித்தபடி ஆர்லிஸ் நின்றிருந்தாள். கை கடுத்தது. கொஞ்சம் தாழ்த்தினால் அவருடைய புருவம் சுருங்கியது. மறுபடியும் உயர்த்தினாள்.

"அடுத்த பக்கம்" என்றார்.

திருப்பினாள். பக்கம் முழுக்கத் துப்பாக்கிக் குண்டு வார்க்கிற அச்சுகளின் படம். காலையில் வந்த நர்ஸ் வெர்லினின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆர்லிஸைச் சமையலறைக்கு அழைத்துப் போய், "இன்னைக்கே இருக்கலாம். நாளையத் தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நர்ஸின் கார் மேட்டிலிருந்து இறங்கிப் போனதும் வெர்லின் பாஸ்டரைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை. இந்தக் கேட்டலாக்கைத்தான் கேட்டார்.

பொழுது போகட்டும் என்று அவளும் எடுத்து வந்தாள். மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் கராஜில் ஈயம் உருக்கும் சட்டி உண்டு. வெர்லின் கடையில் வாங்கிய குண்டை வீட்டுக்குள் விட்டதே இல்லை.

கட்டிலின் அந்தப் பக்கம் அவருடைய தம்பி ஓரின் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தார்.

"அது அலுமினியம். அதுக்கு கேக் தட்டுலயே ஊத்திடலாம். இரும்புதான் அச்சு."

"நீ இரும்புல துரு வளர்க்கிறவன்." வெர்லினுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

"ஒரே ஒரு தடவை எண்ணெய் போட மறந்தேன். சாகுற வரைக்கும் சொல்லுவியா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை ஓரினுக்கே கேட்டது. கோப்பைக்குள் பார்த்தார்.

வெர்லினின் உதடு ஒரு பக்கம் கோணியது. "சொல்லுவேன்."

ஆர்லிஸ் நாற்பத்துநாலு என்று போட்டிருந்த வரிசையில் விரலை வைத்தாள். அவருடைய ரிவால்வருக்கு அந்த அளவுதான். "இதுவா?"

"முப்பத்தெட்டு."

"உன் துப்பாக்கிக்கு அது சேராதே."

"உன்னோடதுக்கு."

அவள் கேட்டலாக்கைத் தாழ்த்தினாள். இந்தத் தடவை அவர் புருவம் சுருக்கவில்லை.

அவர் வார்ப்பார், அவள் சனிக்கிழமைகளில் கிளப்பில் சுடுவாள். அதுதான் வழக்கம். போன குளிர்காலத்தில் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு, அவளே வார்க்கலாம் என்றாலும், அவருடைய இரும்பு அச்சை ஒரு கையால் தூக்க அவளால் முடியவில்லை. அவர் படுத்ததிலிருந்து கிளப்புக்கும் போகவில்லை. துப்பாக்கி அலமாரியில் கிடந்தது.

இப்போது இது எதற்கு என்று கேட்க வாயெடுத்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குண்டுக்கு எந்த மூக்கு?"

"தட்டை. குறி வைக்கிற காகிதத்துல சுத்தமா வட்டம் வெட்டும். புள்ளி எண்ண நீ கண்ணாடி தேட வேண்டாம்."

"சரி. ஆறு குழி. ஒரு ஊத்துக்கு ஆறு குண்டு."

"ரெண்டு. கனக்காது."

"ரெண்டு குழியில ஒரு சனிக்கிழமைக்கு வார்க்கிறதுக்குள்ள அடுத்த சனிக்கிழமை வந்துடும்."

"மணிக்கட்டு."

"அது கூடியாச்சு."

"ராத்திரி முனகுறே."

"தூக்கத்துல முனகுறது கணக்குல வராது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தாள். "நாலு" என்றார்.

ஆர்லிஸ் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நாலு குழி, அலுமினியம், அவளுடைய கை. "நாலு சரிதான்."

"இரும்புல..." என்று ஓரின் ஆரம்பித்தார். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காபியை ஒரு மடக்குக் குடித்தார்.

"கம்பெனியக் கூப்பிட்டு அனுப்பச் சொல்லு" என்றார் வெர்லின்.

"சாயங்காலம் சொல்றேன்."

"இப்ப."

சமையலறைச் சுவரில் இருந்த போனில் எண்களை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண், இளம் குரல். அச்சின் எண்ணைக் கேட்டாள், முகவரியைக் கேட்டாள். ஆர்லிஸ் தெருப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓரின் சமையலறை வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அவள் அவரைப் பார்த்தபடியே மீதி எழுத்துகளையும் சொல்லி முடித்தாள்.

"கைப்பிடி தனியா வாங்கணும்மா" என்றது குரல். "உங்ககிட்ட இருக்கா, சேர்த்து அனுப்பட்டுமா?"

"இருக்கு."

"வேற ஏதாவது?"

"இல்ல. அவ்வளவுதான்."

போனை மாட்டிவிட்டு உள்ளே போனாள். ஓரின் ஏற்கெனவே வெர்லினின் கண்களை மூடிவிட்டிருந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சூடு இன்னும் போகவில்லை. நர்ஸுக்குச் சொல்லவேண்டும், மகளுக்குச் சொல்லவேண்டும். இரண்டையும் சற்றுப் பொறுத்துச் செய்தாள்.

உடலை எடுத்துப் போக நகரத்திலிருந்து வண்டி வரும் என்றார்கள். பனி மூடிய மேட்டுப்பாதையில் ஏறுமா என்று கேட்டார்கள். "நான் வழியில பனியத் தள்ளி விடறேன்" என்று சொல்லிவிட்டு ஓரின் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவள் ஜன்னலருகே நின்றாள். அவருடைய டிரக் முன்னால் பூட்டிய தகட்டைத் தாழ்த்திக்கொண்டு பனியைத் தள்ளியபடி சாலைவரை இறங்கியது. பின்பு மேலே வந்தது. பாதையில் கறுப்புச் சரளை தெரிந்தது. தள்ளுவதற்கு அங்கே இனி எதுவும் இல்லை. ஓரின் டிரக்கைத் திருப்பி, தகட்டை மறுபடியும் தாழ்த்தி, வெறும் சரளை கரகரக்கக் கீழே இறங்கினார்.