மூன்றாவது வரி

நாகேந்திரம் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொன்னபோது புளோறன்ஸ் என் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த நாகேந்திரம்?"

"எங்கடை நாகேந்திரம். பாட்டுக்காரன்."

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. வருசா வருசம் அந்த மனிசனுக்குப் பூசை குடுக்கிறம்."

"வெள்ளவத்தையிலை கோல் எடுக்கிற கொமினிகேசன் கடை ஒண்டிலை நிக்கிறார். சுவிஸிலையிருந்து கோல் வருமாம். கிட்டப் போய்க் கதைச்சனான்."

"பூசை வாங்கின ஆளுக்குக் கோலும் வருதோ?"

சிரிக்கப் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்துவிட்டாள்.

"அந்த வரியைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"நீரும் நிக்கேக்கை கேப்பம் எண்டு விட்டனான்."

அது தொண்ணூற்றைந்து பெப்ரவரி. அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் கடல்நீரேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களில் அவரும் ஒருவர்.

எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் தமிழில் பொப் பாடிய இளைஞர்கள் பலர். எங்களுக்கு அவர் ஒருவர்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பாடுவார். கொட்டாஞ்சேனையிலிருந்து நாங்கள் ஒரு கூட்டம் பஸ் ஏறிப் போவோம். கதிரை கிடைக்காது. பின்சுவரோடு நிற்போம். கொம்பனித்தெருப் பொடியன்கள் பக்கக் கதவடியில் நிற்பார்கள். வெள்ளவத்தைப் பெண்பிள்ளைகள் மேலே பல்கனியில். அந்தப் பல்கனியில்தான் புளோறன்ஸும் இருந்தாள். அப்போது எனக்கு அவளைத் தெரியாது. பிறகு கலியாணம் பேசி வந்தபோது, இருவரும் ஒரே பாட்டுக்குக் கத்தியவர்கள் என்று தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவருடைய இரண்டு பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன. மூன்றாவதை எல்லா நிகழ்ச்சிகளிலும் கடைசியாகப் பாடுவார். அதை எண்பத்து மூன்று ஓகஸ்ட்டில் ஒலிப்பதிவு செய்வதாக இருந்தது.

யூலைக் கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தது. கப்பலில் யாழ்ப்பாணம் போனார். மண்டபம் பிறகு கூரைத் தகடுகள் அடுக்கும் கிட்டங்கியாயிற்று. அந்தப் பாட்டை யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை. ரேப் ரெக்கோடர் வைத்திருந்தவர்கள் எங்களில் இருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை இருக்கிறதே என்று கொண்டுபோகவில்லை.

எண்பத்தேழில், பாடகர் நாகேந்திரம் ஷெல் விழுந்து செத்துப்போனார் என்று ஒருவர் வந்து சொன்னார். உறுதிப்படுத்த வழியில்லை. கோயிலில் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கேட்டுப் போனோம். பாதர் ஞானஸ்நானப் பெயர் கேட்டார்.

"ஞானஸ்நானம் இல்லை பாதர்," என்றாள் புளோறன்ஸ். "பொப் பாடகர்."

பாதர் பேனையை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் பீடத்திலிருந்து அந்தப் பெயரை வாசித்தார். இறந்துபோன அந்தோனிப்பிள்ளைகளுக்கும் மரியம்மாக்களுக்கும் நடுவில் ஒரு நாகேந்திரம். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் வாசித்தார்.

பூசை முடிந்து எங்கள் வீட்டில் தேநீர். கசெற்றில் இரண்டு பாட்டும் போகும். மூன்றாவதை நாங்களே பாடுவோம்.

*கடைசி பஸ்ஸும் போயிட்டுது*
*காலி வீதி தூங்குது*

இதற்குப் பிறகு சண்டை. மூன்றாவது வரி "ஹாபர் வெளிச்சம் வழி காட்டுது" என்பது துறைமுகத்தடியில் வளர்ந்த என் கட்சி. "தண்டவாளம் பிடிச்சு நடப்போம் வா" என்பாள் புளோறன்ஸ். கொம்பனித்தெருவில் கசெற் கடை வைத்திருந்த மஷூர் பூசைக்கு வராவிட்டாலும் தேநீருக்கு வருவான்.

"ரெண்டு பேருக்கும் மறதி. 'புரியாணிச் சட்டி சூடா ஈக்கி.' அதான் வரி. நான் என்ட காதால கேட்டது."

"காதாலையோ வயித்தாலையோ?" என்பாள் புளோறன்ஸ்.

நாலாவது வரியில் எல்லோரும் சேர்ந்துவிடுவோம். *விடிஞ்சால் அம்மாட்டை என்ன சொல்லுவாய்.* பாட்டு முடியும். ஆனால் புளோறன்ஸ் முகம் தெளியாது. இரவு பாத்திரம் கழுவும்போது தன் வரியை மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். எழுதிய ஆள் இறந்துவிட்டார். யாரிடம் கேட்பது? வருடங்கள் போகப்போக அவளுக்கே தன் வரியில் நம்பிக்கை குறைந்துவந்தது. அவர் பாடியது ஒன்று, நாங்கள் வைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று என்றால் எங்களிடம் அவர் இல்லையே என்றாள் ஒருமுறை.

வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றும் ஏஜென்சி புதன்கிழமை அவரைச் சுவிஸுக்கு அனுப்பிவிடும். அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் போனோம். புளோறன்ஸ் பற்றீஸ் சுட்டு எடுத்து வந்தாள்.

லொட்ஜில் இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டில்காரர் வெளியே போயிருந்தார். நாகேந்திரம் சாரத்துக்கு மேல் அவசரமாகச் சட்டையை மாட்டினார்.

"அண்ணை, நாங்கள் உங்களுக்குப் பூசை எல்லாம் குடுத்திட்டம்," என்றாள் புளோறன்ஸ்.

"உங்கடை மனிசன் ஹியூபேட் சொன்னவர். எத்தினை பூசை?"

"எட்டு."

"அப்ப போற வழியிலை பிளேன் விழுந்தாலும் காரியமில்லை." சிரித்தார். "செத்தது இணுவில் நாகேந்திரம். நாதஸ்வரக்காரன். பாவம், அவனுக்குத்தான் பூசை போய்ச் சேர்ந்திருக்கும்."

பற்றீஸ் ஒன்றைக் கடித்தார். ஊரில் சங்கக் கடையில் கணக்குப் பார்த்ததாகச் சொன்னார். பாடினீர்களா என்று கேட்டேன்.

"கரண்ட் இல்லாத ஊரிலை மைக்குக்கு எங்கை போறது?"

புளோறன்ஸ் கதிரை நுனியில் இருந்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். கடைசி பஸ் பாட்டு. மூண்டாவது வரி என்ன?"

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நீங்கள் பாடுங்கோ பாப்பம்."

பாடினோம். மூன்றாவது வரியில் நான் ஹாபருக்கும் அவள் தண்டவாளத்துக்கும் போனோம். மஷூரின் புரியாணியையும் நான் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமெடுத்தது.

"தங்கச்சி, அந்த இடத்திலை நான் என்ன செய்தனான்? நினைவிருக்கோ?"

"மைக்கை எங்களுக்கு நேரை பிடிச்சனீங்கள்."

"ஏன்?"

"எங்களுக்குத் தெரிஞ்ச வரி எண்டபடியால்."

"எனக்குத் தெரியாதபடியால்," என்றார். "முதல் நாள் பாட்டு முடியேல்லை. மூண்டாம் வரி வரேல்லை. மேடையிலை என்ன செய்யிறது? மைக்கைத் திருப்பிப் பிடிச்சன். நீங்கள் கத்தினீங்கள். பிறகு நான் அதை எழுதவேயில்லை."

புளோறன்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவனுக்கு வரி தெரியும் என்றுதான் ஒவ்வொருவரும் வாய்க்கு வந்ததைக் கத்தியிருக்கிறோம். அதையே அவர் பாடியதாகக் கொண்டுபோய் வீட்டில் வைத்திருந்தோம்.

"ரெக்கோடிங்குக்கு எழுதத்தானே வேணும்," என்றேன்.

"யூலை முழுக்க யோசிச்சனான். ஒண்டும் சரிவரேல்லை. நீங்கள் போட்ட சத்தத்துக்குப் பதிலா ஒரு வரி எப்பிடி எழுதிறது?" கையைத் துடைத்தார். "என்ன கத்தினீங்கள் எண்டு எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை. இண்டைக்குத்தான் கேக்கிறன். தங்கச்சி, உங்கடையை ஒருக்காச் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். என் வரியைக் கேட்டார். அதையும் சொல்லிப் பார்த்தார்.

பிறகு கட்டிலில் நிமிர்ந்து இருந்து முதல் வரியை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. ஆனால் 'போயிட்டுது' என்பதில் முன்பு செய்ததுபோலவே கொஞ்சம் பிந்தி வந்தார். புளோறன்ஸின் கை என் முழங்கையைப் பிடித்தது. இரண்டாவது வரி முடிந்தது. வெறுங்கையை மடித்து எங்கள் பக்கம் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் இருவரும் கத்தினோம், அவரவர் வரியை. பக்கத்து அறையில் யாரோ சுவரில் தட்டினார்கள்.

அவர் நாலாவது வரிக்குப் போகவில்லை. கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"சனம் காணாது," என்றார்.

இரண்டு பேர் போதாது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. புளோறன்ஸ் மிச்சப் பற்றீஸைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்தாள். வழிக்கு இருக்கட்டும் என்றாள்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் பல்கனியில் இருந்தவர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஷபீகா கட்டாரில். பிறிஜெற் ரொறொன்ரோவில். இராமலெட்சுமி கப்பலில் ஏறியதோடு தெரியாது. பின்சுவரில் நின்றவர்களை நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

பஸ் வந்தது. யன்னல் பக்கம் இடம் கிடைத்தது.

"உங்கடை வரியை ஒருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.

"ஹாபர் வெளிச்சம் வழி காட்டுது."

இத்தனை வருடத்தில் அவளாகக் கேட்டு அதைச் சொல்லவைத்தது இதுதான் முதல்முறை.

"வடிவில்லை," என்றாள்.

"ஓம். ஆனால் சரியான சத்தமாப் பாடினனாங்கள். கூரை கிடுகிடுத்தது. மேலை கேக்கேல்லையோ?"

யோசித்தாள்.

"இல்லை," என்றாள். "நாங்களும் கத்திக்கொண்டெல்லோ நிண்டம்."