யாரும் ஓட்டாத ஒன்பது மணி நேரம்

கூட்ட அறைத் திரையில் அக்கா போட்ட புள்ளிகள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நின்றன. இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. நடுவில் பேருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, சுவத்துல கொசு அடிச்ச மாதிரி?"

கணக்குப்பிள்ளை சிரித்தார். அக்காவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

அந்த டைல்ஸ் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். லாரி ஓட்டச் சேர்ந்த முதல் நாளே அவள் தம்பி அலுவலக ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "அக்கா, என் சோத்து டப்பா உன் பையில மாட்டிக்கிச்சு" என்று கத்தினான். அன்றிலிருந்து நரைத்த டிரைவர்கள் வரைக்கும் அவளை அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். கூப்பிடக் கற்றுக்கொடுத்தவன் போய்விட்டான். கூப்பிடுகிறவர்களுக்கு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

துறைமுகத்துக்குத் தனியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன தம்பி, பாலத்துச் சுவரில் மோதி, லாரியோடு கீழே விழுந்தான். ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று எழுதிப் போலீசார் கோப்பை மூடினார்கள். அதற்குப் பிறகுதான் டிரைவர்கள் ஒன்றுகூடி, துறைமுக நடைக்கு இரண்டு பேராக அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் முதலாளி. கணக்கு அக்காவிடம் வந்தது. அவள் அதை யாரிடமும் தள்ளிவிடவில்லை. வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள், கண்பட்டது என்றார்கள், ஒருவர் அவன் குடிப்பானா என்றுகூடக் கேட்டார். எண்களாவது இப்படி வாய்க்கு வந்ததைப் பேசாது என்று அவள் நம்பினாள்.

"ஒரு புள்ளின்னா ஒரு நடை. இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் நம்ம கிடங்குக்குப் போற நடை, சார். மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும். அந்தப் பக்கம் துறைமுகம். பதினஞ்சு, சில நாள் அதுக்கும் மேல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கித்தான் மாசாமாசம் சராசரி ஒன்பதுன்னு காட்றோம். ஆனா ஒன்பது மணி நேரம் ஓட்டுன ஆளு நம்மகிட்ட ஒருத்தர்கூட இல்ல. நடுவுல பாருங்க, வெறுமையா இருக்கு."

"சராசரின்னாலே கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ இருக்கத்தாம்மா செய்யும்" என்றார் மேனேஜர்.

"கொஞ்சம் இல்ல சார்."

முதலாளி குரலை இறக்கிக்கொண்டார். "இதுல உன் தம்பியோட கடைசி நடை எதும்மா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. திரையை நோக்கி எழுந்த கை பாதியில் நின்றது.

"இல்ல சார். போய்ச் சேந்த நேரம் இருந்தாத்தான் புள்ளி விழும். அவன் போய்ச் சேரல. காலியா இருக்கற வரியக் கம்ப்யூட்டரே விட்டுடும்."

மேனேஜர்தான் முதலில் தேறினார்.

"அப்ப அந்த விபத்தால சராசரி ஒண்ணும் கெட்டுப்போகல சார். அதே ஒன்பதுதான்."

முதலாளியின் தோள்கள் தளர்ந்து இறங்குவதை அவள் பார்த்தாள். பாரம் இறக்கிய ஆள் போல அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வேலைய உன்கிட்ட குடுத்திருக்கக் கூடாதும்மா. தப்பு என்மேலதான். துக்கத்துல இருக்கற பொண்ணு, அதான் இப்படித் தோணுது. ரெண்டு நாள் லீவு போட்டுக்கோ." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "பழைய பட்டைச் சார்ட்டே தெளிவாத்தான் இருக்கு. ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு ஆளு போதும். அதையே பெருசாப் பிரிண்ட் எடுத்து டிரைவர் ரூம்ல மாட்டிடுங்க. அப்புறம் யாரும் முணுமுணுக்க மாட்டாங்க."

அதை அச்செடுத்ததும் அக்காதான். நீலத்தில் ஒற்றைப் பட்டை, தலையில் ஒன்பது என்ற எண். டிரைவர் அறைச் சுவரில் அவள் ஒட்டிக்கொண்டிருக்கையில் கொக்கு வந்து பின்னால் நின்றான். ஆள் ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பான். தம்பி வைத்த பெயர்தான் அது. தம்பி ஓட்டிய துறைமுக நடை இப்போது அவனுக்கு.

"யாருக்கா இந்த ஒன்பது மணி நேரக்காரன்? அவன் வண்டிய எனக்கு மாத்திக் குடுக்கச் சொல்லேன், புண்ணியமாப் போவும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கே போய் முடியுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கண்ணச் சொருகினா ஓரமா நிறுத்திட்டுத் தூங்குடா."

"நிறுத்தினா மேனேஜர் போன்ல தாலாட்டுப் பாடுவாரே! அதக் கேட்டா இருக்கற தூக்கமும் போயிடும்" என்றவன், சுவரில் தூக்கி நின்ற காகித முனையைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். "நேராத்தாங்கா ஒட்டியிருக்க."

மதிய வெயிலில் லாரி வாயிலுக்கு வந்தது. கொக்கு ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி, "அக்கா, வரேன்!" என்று கத்தினான். அவள் கையை ஆட்டினாள். லாரி திரும்பி மறைந்த பிறகும் புழுதி கொஞ்ச நேரம் வாயிலிலேயே நின்றது. அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அவன் பெயருக்கு நேரே புறப்பட்ட நேரத்தை அடித்தாள்.

போய்ச் சேரும் நேரத்துக்கான பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. கர்சர் அதற்குள் போய் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது.