திங்கட்கிழமை வாருங்கள்

1857 ஒக்டோபர் 10, சனிக்கிழமை. ஒன்ராறியோ ஏரியின் தென்கரையில், நியூயோர்க் மாநிலத்துச் சிறு துறைமுகமான போர்ட் ஹேவிலில், வங்கி உரிமையாளர் சைலஸ் தோர்ன்பெரி பிற்பகலில் தன் வங்கிக் கதவைப் பூட்டினார். வாசலில் நின்ற மா ஆலைத் தொழிலாளர்களிடம் திங்கட்கிழமை வரச் சொன்னார். ஞாயிறு காலை மனைவி, இரண்டு மகன்மார், பெட்டிகளோடு ரொறன்ரோ போகும் கப்பலில் ஏறினார்.

பரிமளம் வாசித்து நிறுத்தினாள். மூத்தோர் சங்கக் கூட்டத்துக்குப் போகும் வான், ரொறன்ரோவின் மார்க்கம் வீதிச் சிவப்பு விளக்கில் நின்றது. கூட்டங்களுக்கு அவளை ஏற்றிப்போகும் மாமாங்கம் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைப் புடிச்சாங்களா அக்கா?"

"புடிக்கல்ல. நாலு வருசத்தில ஆட்சி மாறிச்சு. அவன்ட கட்சி வந்திச்சு. அதே துறைமுகத்துக்குச் சுங்க அதிகாரியாப் போட்டாங்க. கரைக்கு வாற சனங்கட மூட்டையெல்லாம் அவிழ்த்துப் பார்க்கிற வேலை."

மாமாங்கம் சிரித்தார். "நம்மட தலைவர் செல்வரட்ணம் அண்ணைர கதை மாதிரியெல்லுவா இரிக்கி. முதல்ல பேங்க், பிறகு கஸ்டம்ஸ்."

அவள் தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மனதுக்குள் ஒரு குளிர்ந்த நிம்மதி இறங்கியது. எதையும் சந்தேகிக்கத் தெரியாத இந்த மனிதருக்கே கேட்டவுடன் பிடிபட்டுவிட்டது என்றால், மண்டபத்தில் இருக்கும் நூறு பேருக்கும் பிடிபடாமல் போகாது. அமெரிக்காக்காரன் செத்து நூற்றைம்பது வருடமாகிறது. அவனைப் பற்றிப் பேசினால் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் மேடை நடுவில் இருக்கிறவர் நெளிவார். அந்த நெளிவைப் பார்ப்பதற்காகத்தான் அவள் ஒரு குளிர்காலம் முழுக்க நூலகத்தில் இருந்தாள்.

தோர்ன்பெரியை அவள் தேடிப் போகவில்லை. ஏரியைக் கடந்த கப்பல்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களைப் புகழ்ந்து தொகுத்த பழைய புத்தகமொன்றில் இரண்டு பக்கமாக அவன் வந்தான். தாடி, கழுத்துப்பட்டி, தேவாலயத்துக்குக் கொடுத்த கண்ணாடி யன்னல். தொழிலாளர்களைப் பற்றி ஒரே வரி: அவர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் இருந்த இடத்தை விட்டு எழும்பி நின்று வாசித்தாள்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம், மட்டக்களப்பில் சண்டை திரும்பவும் தொடங்கிய வாரம், வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளும் அப்படித்தான் ஒரு வங்கி மேசைக்கு முன்னால் நின்றாள். அப்பாவின் ஓய்வுக் காசு அங்கே வைப்பில் இருந்தது. தம்பி தவநேசனைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு லொறிக்காரன் சம்மதித்திருந்தான். சனிக்கிழமை வெளிக்கிட வேண்டும். காசை எடுக்க மனேஜரின் கையெழுத்து வேண்டும். தம்பியின் பேரைச் சொல்லி, வயதைச் சொல்லி, அவள் கெஞ்சினாள். மனேஜர் செல்வரட்ணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு முடித்தாயிற்று, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அவருடைய கால்மாட்டில் ஒரு தோல்பை பூட்டியபடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். திங்கட்கிழமை வங்கி திறக்கவில்லை. புதன்கிழமை இராணுவச் சுற்றிவளைப்பில் தவநேசனைக் கொண்டுபோனார்கள்.

காசு நாலு வருடத்துக்குப் பிறகு வந்தது. ஒரு சதம் குறையவில்லை, வட்டியும் சேர்ந்திருந்தது. அதுதான் அவளுக்கு ஆறவே ஆறாதது. அந்த மனிதர் களவெடுத்திருந்தால் கள்ளன் என்று சொல்லித் திரிந்திருக்கலாம். அவர் எதையும் எடுக்கவில்லை. கையெழுத்துத்தான் போடவில்லை.

பிறகு அவரைக் கண்டது ரொறன்ரோ விமான நிலையத்தில். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தாள். நீலச் சீருடையில் ஒருவர் அவளுடைய பையை அவிழ்த்து, கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கினார். "உது கொண்டுவரேலாது, அம்மா" என்றார், மரியாதையாகத்தான். அதே குரல். அவர் அவளை அடையாளம் காணவில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவர் மூத்தோர் சங்கத்தின் தலைவரானார். அவள் ஆறு வருடமாக அந்தச் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், மூன்றாவது வரிசையில் இருந்து அவருடைய முகத்தைப் பார்ப்பதற்காக.

டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். சித்திரை மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒரு வாழ்க்கை வரலாறு சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம். முடிந்ததும் தலைவர் தன் முன்னால் இருக்கும் பித்தளை மணியை அடிப்பார். மணி அடித்தால் பேச்சாளர் இருந்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். அந்த நேரத்துக்குச் சமையலறையில் இடியப்பம் ஆறத் தொடங்கிவிடும்.

சட்டத்தில் எழுதாத இன்னொன்றும் உண்டு. மேடையில் இருக்கிற அத்தனை பேரையும் பேர் சொல்லி விளிக்க வேண்டும். முந்தின வருடம் ஒருவர் பொருளாளரை விட்டுவிட்டார். பொருளாளர் மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. பரிமளம் எல்லோரையும் விளித்தாள். தலைவர், உபதலைவர்மார், காப்பாளர், செயலாளர், பொருளாளர், மண்டபம் எடுத்துத் தந்தவர், அன்றைய சாப்பாட்டை உபயம் செய்தவர், அவருடைய மனைவி. ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். அவள் அவசரப்படவில்லை. தலைவரின் பேரைக் கடைசியாக ஒருமுறை கூடுதலாகச் சொன்னாள்.

பிறகு தோர்ன்பெரியைத் தொடங்கினாள். அவன் எப்படி ஊருக்குள் வந்தான், எப்படி நல்ல பேர் எடுத்தான், கிழவிமார் தலையணைக்குள் வைத்திருந்த காசை எப்படி நம்பிக் கொடுத்தார்கள் என்று சொன்னாள். சனிக்கிழமைக் கதவையும் திங்கட்கிழமைப் பேச்சையும் சொன்னபோது முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஒரு தொழிலாளியின் தங்கை அந்தக் குளிர்காலத்தில் மருந்தில்லாமல் செத்ததையும் சொன்னாள். மேடையின் நடுவே செல்வரட்ணம் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெளியவில்லை.

"அவன் தப்பிப் போனதோட கதை முடியல்ல" என்றாள் பரிமளம். ஆணியை அவள் இந்த இடத்துக்கென்றே வைத்திருந்தாள். "நாலு வருசத்துக்குப் பிறகு அவன் போட்டுக்கொண்டு வந்த உடுப்பு என்ன எண்டு சொன்னா..."

மணி அடித்தது.

அவள் திரும்பினாள். செல்வரட்ணத்தின் விரல்கள் இன்னும் மணியின் கழுத்தில் இருந்தன. நேரம் உண்மையாகவே முடிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. விளித்ததில் எவ்வளவு போயிற்று என்றும் தெரியவில்லை. செயலாளர் நன்றி சொன்னார். பொன்னாடை வந்தது. செல்வரட்ணம் எழும்பி வந்து அதை அவளுடைய தோளில் போர்த்தினார். கைதட்டலுக்குள் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"தவநேசன்ர தமக்கை எல்லே நீங்கள்?"

பொன்னாடை தோளிலிருந்து நழுவ, அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடமாக அவள் வெறுத்தவர் அந்தப் பேரை மறந்த மனிதர். பேரை ஞாபகம் வைத்திருந்துகொண்டே கருவாட்டைத் தூக்கிய மனிதரை எப்படி வெறுப்பதென்று அவள் இன்னும் பழகவில்லை. அப்படியே நின்றதால், சாப்பாட்டு வரிசையில் நடந்ததை அவள் பிந்தித்தான் கவனித்தாள்.

மங்கையற்கரசி அன்ரி தட்டை நீட்டியபடி, கறி பரிமாறிக்கொண்டிருந்த மாமாங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உங்கட கப்பல் எத்தினை மணிக்கு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மாமாங்கமும் சிரித்தார். மல்வேர்ன் பக்கத்தில் பாதிப்பேர் மாமாங்கத்திடம் மாதச் சீட்டுக் கட்டினார்கள். பங்குனிச் சீட்டு இரண்டு வாரம் பிந்தியிருந்தது, மனைவிக்கு ஒபரேஷன். அதே நாட்களில் அவர் மகள் யதுஷாவோடு, ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவில் வீடு பார்த்ததை யாரோ கண்டிருந்தார்கள். இதுவரை இரண்டும் வேறு வேறு செய்திகள். இன்று தோர்ன்பெரி வந்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டான்.

சிரிப்பு அடங்கியபிறகு ஒருவர், பகிடிக் குரலில்லாமல், தன் சீட்டைக் கழித்துக் காசை எப்போது எடுக்கலாம் என்று கேட்டார். இன்னொருவரும் கேட்டார். மாமாங்கம் கறிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமை வீட்ட வாங்க" என்றார். "தாறன்."

நீட்டிய தட்டுகள் அப்படியே நின்றன. தான் என்ன சொன்னார் என்பது அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அவர் தேடிப் பார்த்தது பரிமளத்தை. அவள் பொன்னாடையோடு மேடையடியில் நின்றாள். அது இவரில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால், அது யார் என்ற அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் போனார்கள். மாமாங்கம் கதவைத் திறந்து வைத்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தார். முறை வராதவர்களுக்கும் கொடுத்து முடித்தார். அதற்காக வீட்டின் மேல் கடன் எடுத்தார் என்று பிறகு தெரிந்தது. கட்டி முடிக்க முடியாமல் வீட்டையே விற்பனைக்குப் போட்டார் என்றும் தெரிந்தது. காசு கிடைத்தவர்களும் முன்னைப்போல அவரோடு கதைக்கவில்லை. கேட்டதால் தந்தார், கேட்காவிட்டால் என்ன செய்திருப்பாரோ என்றார்கள். பரிமளம் வீடு வீடாகப் போன் எடுத்து, கதை அவரைப் பற்றியதல்ல என்றாள். நீங்கள் நல்ல மனம் பிள்ளை என்றார்கள்.

ஆனி மாதம் கூட்டத்துக்கு அவள் பஸ்ஸில் போனாள். அதற்கு முதல் நாள் மாமாங்கத்தின் வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் வரவேற்பறையில் பெட்டிகளுக்கு ரேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு கதிரையை ஒதுக்கிக் கொடுத்தார்.

"கதை நல்லம் அக்கா" என்றார். "அவன் கஸ்டம்ஸ் ஆன பகுதியை முன்னுக்குச் சொல்லியிரிக்கலாம்."

கூட்டத்தில் வேறு விடயங்கள் என்று வந்தபோது பரிமளம் எழும்பினாள். யாரையும் விளிக்கவில்லை.

"சித்திரையில நான் சொன்ன கதையில வாறவர் மாமாங்கம் இல்ல."

செல்வரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஆர், அம்மா?" என்றார். குரலில் கோபமில்லை. நெடுநாள் காத்திருந்த ஒருவரின் குரல் போலிருந்தது.

"நீங்க."

கதிரைகள் கிறீச்சிட்டன. செயலாளர் எழும்பப் பார்த்தார். செல்வரட்ணம் கையைக் காட்டி இருத்தினார்.

"அண்டைக்கு நான் கையெழுத்துப் போடேல்லை. உண்மை" என்றார் மண்டபத்துக்கு. பிறகு அவளைப் பார்த்தார். "காசு வட்டியோட வந்ததோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

நூறு முகங்கள் அவள் பக்கம் திரும்பின. இல்லை என்று சொல்லலாம். யாரும் ஊருக்குப் போய் விசாரிக்கப் போவதில்லை. ஒரு பொய்க்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கலாமோ அவ்வளவு நேரம் அவள் நின்றாள்.

"வந்தது" என்றாள்.

மண்டபத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. யாரோ "பிறகென்ன" என்றார்கள்.

"தம்பி வரல்ல."

செல்வரட்ணம் கண்ணாடியைப் போட்டார், திரும்பவும் கழற்றினார். அவருடைய கை மேசையில் மணியைத் தேடியது. முதல் தடவை மணி சரிந்து விழுந்தது, சத்தம் வரவில்லை. நிமிர்த்தி வைத்து அடித்தார். செயலாளர் அடுத்த விடயத்தை, நயாகரா சுற்றுலாவுக்கான பஸ் ஒழுங்கை, வாசிக்கத் தொடங்கினார்.

மாமாங்கம் ஓகஸ்டில் ஒஷாவாவுக்குப் போனார். சீட்டு அதோடு நின்றது. ஒக்டோபரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செல்வரட்ணத்தை மீண்டும் தலைவராக முன்மொழிந்தார்கள். கை உயர்த்தி வாக்கெடுப்பு நடந்தது. எதிராக ஒரு கை, மூன்றாவது வரிசையில். அவர் தெரிவானார்.