புத்தகமா, ஆபீஸா?

வங்கியில் அவளை எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடன் தவணை, காப்பீட்டுக் கட்டணம் என்று ஏதாவது ஒரு கம்பெனி யாருடைய கணக்கிலிருந்தோ கம்ப்யூட்டர் வழியாகப் பணம் எடுக்க வரும். கணக்கில் பணம் இருக்காது. வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் திருப்பி அனுப்பும் பிரிவில்தான் அவளுக்கு வேலை, அதுவும் பிரிவு ஆரம்பித்த காலத்திலிருந்து. விதிகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேனேஜரே சந்தேகம் வந்தால் கண்ணாடித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அவளைத்தான் கேட்பார்.

அப்பேர்ப்பட்டவள் மின்பணப் பரிமாற்றச் சான்றிதழ்த் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். எப்படி என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டு முறையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு, சிரித்த முகமாக வெளியே வந்தவள்.

இந்த முறை விளையாட்டில்லை. பிரிவின் தலைவர் ஓய்வு பெறப் போகிறார். மேனேஜர் கூப்பிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார்.

"சர்ட்டிஃபிகேட் இல்லாம அந்த சீட்ல உக்கார வைக்க மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்கம்மா. இந்த தடவை பாஸ் பண்ணிட்டா சீட்டு உங்களுக்கு. இல்லன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துடுவாங்க."

மறைப்பானேன், அவளுக்கு அந்த நாற்காலி மேல் கொள்ளை ஆசை. எங்கிருந்தோ ஒருவன் வந்து அதில் சாய்ந்துகொண்டு, எல்லாவற்றையும் தன்னிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு, தன்னையே மிரட்டுவான் என்று நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துணைக்குப் படிக்க ஓர் ஆள் கிடைத்தாள். கணவனின் தங்கை. வேறொரு வங்கியில் இதே வேலை, இதே தேர்வை முதல் தடவையாக எழுதப் போகிறாள். வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பதால் வீட்டில் அவள் பெயர் பட்டாசு. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டு மேசையில் புத்தகங்கள் பரப்பப்படும். கேள்வி கேட்பது அண்ணன் பொறுப்பு. அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பரிமாற்றமும் தெரியாது, பணமும் அவன் கையில் நிற்காது. ஆனால் குரல் கணீரென்று இருக்கும்.

"கணக்கில் போதிய இருப்பு இல்லாத பற்று, எதற்குள் திருப்பப்பட வேண்டும்?" என்று அவன் பாடம் நடத்துவதுபோல் வாசித்தான்.

"மறுநாள் மத்தியானம் பன்னெண்டு மணி" என்றாள் ரிட்டர்ன் அக்கா, தேநீரை ஆற்றிக்கொண்டே.

"நாலு மணி!" என்றாள் பட்டாசு.

"பன்னெண்டுடி."

"அண்ணி, நான் தினமும் செய்யற வேலை. நாலு!"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ரிட்டர்ன் அனுப்பினவ."

"அப்ப கம்ப்யூட்டரே கிடையாது, அண்ணி!"

சத்தம் ஏறியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. மெக்கானிக் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். நாத்தனாரின் மூக்கை உடைத்தே தீருவது என்று ரிட்டர்ன் அக்கா அவன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிப் பக்கத்தைப் புரட்டினாள். விரலை வைத்தாள். உரக்க வாசிக்கத் தொடங்கியவள் பாதியில் நின்றாள்.

பன்னிரண்டு இல்லை. நாலும் இல்லை. அங்கே மணிக்கணக்கே இல்லை. பணம் கைமாறிய நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது வங்கி வேலைநாள் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"அப்ப பன்னெண்டு மணிங்கறது யார் சொன்னது?" என்றான் மெக்கானிக்.

யார் சொன்னது? அவளுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. முன்பு ஒரு மேனேஜர் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக, எல்லா ரிட்டர்னும் பன்னிரண்டுக்குள் போயாக வேண்டும் என்று ஆணை போட்டார். அவர் போய்விட்டார். ஆணை மட்டும் தங்கிவிட்டது. அந்த மனிதரின் பசியைத்தான் இத்தனை வருடமாக அவள் சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்!

இரண்டு தேர்விலும் எங்கே விழுந்தோம் என்று பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது. அவள் புத்தகத்திலிருந்து பதில் எழுதவே இல்லை. ஆபீஸிலிருந்து எழுதியிருந்தாள். கேள்வித்தாள் தயாரிக்கிற கில்லாடிகளுக்கும் அது தெரியும். வேலை பார்க்கிறவன் கை தானாகப் போகிற இடமாகப் பார்த்து ஒரு தவறான விடையை வைத்திருப்பார்கள்.

"ஏங்க, நான் முட்டாள் இல்லைங்க!" என்று கத்தினாள். "எனக்குத் தெரிஞ்சதுதாங்க என்னைக் கவுத்துடுச்சு!"

சந்தோஷத்தில் அவள் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

அன்றிலிருந்து படிப்பே மாறிப்போனது. மெக்கானிக் கேள்வியை வாசித்து முடித்ததும், "புத்தகமா, ஆபீஸா?" என்று அதட்டுவான். பதில் சொல்கிறவள் முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். விழித்தால் எழுந்து நிற்க வேண்டும். பட்டாசுதான் அதிகம் நின்றாள். அவள் வங்கியிலும் ஏகப்பட்ட மேனேஜர்கள் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஆபீஸ் விதி ஒவ்வொன்றாகப் பிடிபடப் பிடிபட, பேன் பார்க்கிற சுகம் இரண்டு பேருக்கும். ரிட்டர்ன் அக்கா குளிக்கும்போதும் தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் பட்டாசு வெடிக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எங்க கிளையை மூடறாங்க. எனக்கு வேலை இருக்காது" என்றாள். பிறகு புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்க பேங்க்ல தலைவர் போஸ்ட்டுக்கு நான் அப்ளிகேஷன் போட்டிருக்கேன். நீங்க பாஸ் பண்ணிட்டா எனக்கு இல்ல. நான் பாஸாகி, நீங்க ஆகலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

ரிட்டர்ன் அக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என் மேசையில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்து, என் நாற்காலிக்கே அடிபோடுகிறாளா? அன்றைக்குப் பட்டாசுக்குத் தேநீர் கிடைக்கவில்லை. பட்டாசு போன பிறகு கணவனிடமும் பேசவில்லை. அவன் தங்கை என்ற குற்றத்துக்காக அவனுக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

ஆனால் மறுநாள் தனியாகப் படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. அவள் எது சொன்னாலும் "இல்லை அண்ணி" என்று சொல்ல ஆளில்லை. தான் சொன்ன பன்னிரண்டு மணிக்கு அன்றைக்குப் பட்டாசு தலையாட்டியிருந்தால், நாற்காலி அவளுக்குத் தானாகவே போயிருக்குமே என்று அப்போதுதான் தோன்றியது. விண்ணப்பம் போட்ட பிறகாவது வேண்டுமென்றே வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. ரிட்டர்ன் அக்கா போனை எடுத்தாள்.

"எங்கடி இருக்க? ரிவர்சல் பாடம் இன்னும் பாக்கி. கெளம்பி வா."

தேர்வு மையத்தில் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், நடுவில் தடுப்புகள். இரண்டு வரிசை தள்ளிப் பட்டாசின் பின்னந்தலை தெரிந்தது. ரிட்டர்ன் அக்கா தன் பெயரைத் தட்டுவதற்குள் இரண்டு முறை எழுத்துப் பிழை விட்டாள். ஆனால் முதல் கேள்வியைப் பார்த்ததும் பயமெல்லாம் பறந்து உற்சாகம் வந்துவிட்டது. கண்ணிகள் தெரிந்தன! ஒவ்வொரு கேள்வியிலும் அவள் ஆபீஸ் விடை நல்ல பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். விசில் அடிக்காத குறை.

கடைசிக்குச் சற்று முன்னால் வந்த ஒரு கேள்வியில்தான் சிக்கினாள். இறந்துபோன ஒருவரின் கணக்கு. அவள் ஆபீஸில் செய்வது எதுவோ அதுவே சரியான விடையாக அவளுக்குப் பட்டது. பட்டதுதான் பயமாக இருந்தது. இதுவும் யாரோ ஒரு மேனேஜரின் பசியோ? கை அந்த விடைக்குப் போனது, விலகியது, திரும்பப் போனது. பக்கத்தை மனதுக்குள் திறந்து பார்த்தாள். வரி வரியாக வந்தது. புத்தகமும் ஆபீஸும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். எப்போதாவது ஒரு மேனேஜர் புத்தகம் படித்திருக்க மாட்டாரா என்ன? அழுத்தினாள்.

நிமிர்ந்தபோது பட்டாசின் நாற்காலி காலியாக இருந்தது. முடித்துவிட்டுப் போய்விட்டாள். இவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி பட்டனை அழுத்திவிட்டுக் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் அவள் பெயருக்குக் கீழே தேர்ச்சி என்று இருந்தது. "ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். கண்காணிப்பாளர் ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தார். அவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே ஓடினாள்.

நடைபாதை பெஞ்சில் பட்டாசு, மடியில் தன் முடிவுத்தாளோடு. அவளும் பாஸ். தலையைத் தூக்கி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி துள்ளி எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி! வாங்கிட்டீங்க! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!"

குதித்தாள். சிரித்தாள். அப்புறம்தான் குதிப்பது மெல்ல நின்றது. தனக்கு வேலை இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலில் சந்தோஷம், பிறகுதான் அது. இரண்டும் எந்த வரிசையில் வந்தன என்பதை ரிட்டர்ன் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கி, அங்கேயே நின்றபடி மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், பாஸ் பண்ணிட்டேன்... தேங்க்ஸ் சார்... சார், நான் தலைவர் சீட்டுக்குப் போயிட்டா என் பழைய சீட்டுக்கு ஆள் வேணுமில்ல? சர்ட்டிஃபிகேட்டோட ஒருத்தி இருக்கா. நேர்காணலுக்குக் கூப்பிடுங்க... எனக்கு நாத்தனார்தான் சார், மறைக்கல. நீங்களே கேள்வி கேட்டுப் பாருங்க... எனக்கு அவ எதுக்கா? நான் தப்பாச் சொன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு, அந்த ஆபீஸ்ல எனக்கு வேற யாரு சார் இருக்கா?"