ஏழே முக்கால் ரசிகர்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விடத் துணிந்ததற்கு, முகம் தெரியாத நாற்பது பேர்தான் காரணம். எதிரொலி விழாமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்து, செல்போனில் ஒரு பாட்டைத் தானே பாடிப் பதிந்து, பாட்டுச் செயலி ஒன்றில் ஏற்றியிருந்தார். ஒரு வருஷம் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. போன மாதத்திலிருந்து தினமும் நாற்பது பேர் கேட்கிறார்கள். அதுவும் சாயங்காலம் சரியாக ஏழே முக்காலுக்கு!

“நாப்பது பேரும் ஒரே நேரத்துலயா?” என்றாள் மனைவி, செல்போனை வாங்கிப் பார்த்து.

“பழகிடுச்சு. அந்த நேரத்துக்குக் கேக்கலைன்னா அவங்களுக்கு இருப்புக் கொள்ளாது.”

“ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாரும் நிறுத்திடறாங்களே?”

“மனசு உருகிடுது. அதுக்கு மேல தாங்க முடியல.”

அவர் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை முதலாளியிடம் நீட்டுவதாக ஏற்பாடு. முழுநேரப் பாடகருக்கு உட்கார நல்ல நாற்காலி வேண்டாமா? சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் மரச்சாமான் கடைக்குப் போனார்கள்.

அங்கே வாங்க வந்தவர்களைவிட சோபாவில் சாய வந்தவர்களே அதிகம். ஒருவர் குறட்டையே விட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பியது. அவருடைய பாட்டு! மறுகணம் கடையே எழுந்து நின்றது, குறட்டைக்காரர் உட்பட. கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மரியாதைக்குத்தான் எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினார். கூட்டம் அவரைத் தாண்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தது.

“கடை மூடற பாட்டு சார்,” என்றாள் விற்பனைப் பெண். “எங்க நாப்பது கிளையிலயும் இதான். மைக்ல கெஞ்சினாக்கூட ஒருத்தரும் அசைய மாட்டாங்க. இதைப் போட்டா அரை நிமிஷத்துல கடை காலி.”

அவமானத்தில் அவர் கூனிக் குறுகிப்போனார். அவர் கால்களும் வாசலைப் பார்த்துத் திரும்பின.

மனைவி மட்டும் சோபாவில் அழுத்தமாக உட்கார்ந்தாள். “நிறுத்தாதேம்மா. நான் முழுசா கேக்கணும்.”

“கடை மூடணும்க்கா.”

“மூடிக்கோ. பாட்டு முடியட்டும்.”

விற்பனைப் பெண் நிறுத்தப் போன விரலை எடுத்தாள். இரண்டாவது சரணம் வந்தது. அவள் மெல்ல சோபாவின் கையில் உட்கார்ந்தாள்.

“இன்னும் இவ்வளவு இருக்கா? நல்லாத்தானே இருக்கு! யாருக்கா பாடினது?”

மனைவி அவரைப் பார்த்தாள். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவருக்கு அப்போது கூச்சம் வந்துவிட்டது.

“யாரோ கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவராம்,” என்றார்.

திங்கட்கிழமை கடிதம் பையை விட்டு வெளியே வரவில்லை. லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டுச் செயலியைத் திறந்தார். சனிக்கிழமை முப்பத்தொன்பது பேர் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டிருந்தார். அது தெரிந்த கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் வீட்டை விட்டு நகரவே இல்லை. அன்றைக்கும் நாற்பதில் முப்பத்தொன்பது பேர்தான் பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.